ஒத்தி எடுத்த முகம்

என் மகளிடம் நான் சொன்ன பொய் மிகச் சிறியது. "நான் கவனிக்கேல்லை, பிள்ளை." அவ்வளவுதான். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நில்லாமல் என் தோளில் கைவைத்துத் தேற்றவும் செய்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தக் கையின் சூடு என்னோடு இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கை திரும்ப வராது என்று பயந்தேன். சொல்லாவிட்டால், வந்தாலும் அது எனக்கு உரியதல்ல.

பொய் ஒரு வெள்ளைத் துவாயை, முகம் துடைக்கும் துண்டைப் பற்றியது. அதற்கு வருமுன் நான் என்ன தொழில் செய்தவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்த காரியத்தின் அளவு தெரியாது.

நான் ஒரு முகத்தைப் பற்றிப் படிப்பித்தவன். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நாட்டு நகரத்துக்கு அகதியாக வந்து, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அதே தெருவிலிருந்த பல்கலைக்கழகத்தில் படித்தேன். சொந்த ஊரில் படித்த வரலாறு கைகொடுத்தது. இடைக்கால ஐரோப்பாவில் மக்கள் கிறிஸ்துவின் முகம் பதிந்தது என்று நம்பி வணங்கிய துணிகளும், அந்தத் துணிகளைப் பார்த்தும் பார்க்காமலும் வரைந்த படங்களும் என் ஆய்வாயின. பிறகு ஓய்வு பெறும்வரை பகுதிநேர விரிவுரையாளனாக மாலை வகுப்புகளில் அதையே படிப்பித்தேன்.

விளக்கை அணைத்ததும் திரையில் அந்த முகம் வரும். கழுத்தில்லை, தோளில்லை. பொன் பூசிய வெளியில் தனியே மிதக்கிற முகம். நடு உச்சி பிரித்த தலைமுடி இரு பக்கமும் இறங்கும். தாடி இரண்டாகப் பிரியும். கண்கள் வகுப்பின் எந்த மூலையில் இருந்தாலும் நம்மைப் பார்க்கும். வெளியே பனி பெய்கிற மாலைகளில் அந்தப் பொன்னிற வெளிச்சம் மாணவர்களின் முகங்களிலும் படிந்து, அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும். எனக்கு அந்த நேரங்கள்தான் கோயில்.

சிலுவை சுமந்து போகிறவரின் முகத்தை ஒரு பெண் தன் முக்காட்டால் துடைக்கிறாள். முகம் துணியில் பதிந்துவிடுகிறது. கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையாகத் தெரியும். வெரோனிக்கா என்ற இந்தப் பெண் நற்செய்தியில் இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்வேன். சிலர் திடுக்கிடுவார்கள், எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். ஆனால் துணி இருந்தது. ரோமில் இருந்தது. குறித்த நாட்களில் உயரத்தில் தூக்கிக் காட்டினார்கள். கீழே நெரிசலில் நின்று பார்த்தவர்கள் ஆளுக்கொரு முகத்தைக் கண்டார்கள். கறுத்துப்போயிருந்தது என்றவரும் உண்டு, ஒளி வீசியது என்றவரும் உண்டு. தகட்டில் அடித்த சின்ன முகங்களை வாங்கித் தொப்பியில் தைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ரோமுக்குப் போக முடியாத கன்னியர்கள், அந்தப் பயணத்தை மனதால் செய்து மடத்துக்குள்ளேயே நடந்து நடந்து, கடைசியில் சுவரில் தொங்கிய ஒரு படத்தின் முன் நின்று, வந்து சேர்ந்துவிட்டோம் என்று அழுதார்கள்.

என் மனைவிக்கு இந்தக் கதைகள் எல்லாம் தெரியும். நான் மேசையில் படங்களைப் பரப்பிவைத்திருக்கிற போது தேத்தண்ணியோடு வந்து நின்று பார்ப்பாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு பொம்பிளை முகம் துடைச்சதுக்கோ இவ்வளவு புத்தகம்?"

"அது சும்மா முகம் இல்லையப்பா."

"துடைக்கேக்கை அவளுக்கு அது சும்மா முகம்தானே. வேர்வையும் ரத்தமுமா ஒரு மனுசன்ரை முகம். நான் ஒரு நாளைக்கு எத்தினை முகம் துடைக்கிறன், என்னைப் பற்றி ஒருத்தரும் எழுதினதாத் தெரியேல்லை."

அவள் ஒரு கார்தெரியில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலை செய்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாக நிற்கிற குழந்தைகளின் முகங்களை ஈரத்துணியால் துடைத்துவிடுவது அவள் பொறுப்பு. அவள் சொன்னதை நான் வகுப்பில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சொன்னேன் என்று அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அவள் சைவக் குடும்பத்துப் பெண். எங்கள் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றாள். ஞானஸ்நானத்தோடு பொட்டும் போயிற்று. அதை எந்தக் கத்தோலிக்கச் சுவாமியாரும் கேட்கவில்லை. என் தாய் கேட்டார். நான் தாயின் பக்கம் நின்றேன். இன்று எத்தனையோ கத்தோலிக்கப் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டு பூசைக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டில் அன்று அது பெரிய விஷயம். பிறகு கடல் கடந்து வந்தோம், தாய் இறந்தார், பனியும் பிரெஞ்சும் வந்தன, என் தாயின் விருப்பங்களில் மற்ற எல்லாவற்றையும் நானே கைவிட்டேன். இதை மட்டும் விடவில்லை. "இனி வைக்க விருப்பமெண்டால் வையும்" என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு நாற்பது வருடம் இருந்தது.

புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று சொன்ன ஆண்டின் ஒக்டோபர் மாதம், முதல் வெள்ளி. முதல் வெள்ளிகளில் எங்கள் தமிழ்ப் பங்கின் சுவாமியார் நோயாளர் வீடுகளுக்கு நன்மை எனப்படும் நற்கருணை அப்பம் கொண்டு வருவார். அன்று மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, "வெளியிலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம் அப்பா" என்று தாயைக் காரில் கூட்டிப் போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் நகரின் வில்லரே பகுதியில், இரண்டாம் மாடியில் இருக்கிறோம். தெருவிலிருந்து வளைந்து ஏறுகிற இரும்புப் படி. பின்னேரம் படியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். எதிரே மரங்கள் எல்லாம் சிவந்து நின்றன. மகள் பின்னால் தாங்கிக்கொள்ள, அவள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். மருந்து ஏற்றியதில் தலைமுடியும் புருவமும் உதிர்ந்திருந்தன. மகள் தாயின் முகத்துக்கு நிறக் கிரீம் பூசி, பென்சிலால் புருவம் கீறி, கண்ணுக்கு மை இட்டிருந்தாள். தலையில் சுற்றிய துணிக்குக் கீழே, சைவக் கோயிலுக்குப் போய்வந்த அடையாளமாகத் திருநீறு, சந்தனம், சந்தனத்தின் மேல் பெரிய குங்குமப் பொட்டு. வெயில் அவள் பின்னால் இருந்தது. முகம் மட்டும் தனியாக மேலே மிதந்து வருவது போல இருந்தது.

அவள் வடிவாக இருந்தாள். நான் முதலில் கண்டது அதைத்தான். வாயில் வந்தது வேறு.

"சுவாமி வாற நேரம். முகத்தைத் துடையும்."

அவள் கடைசிப் படிக்கு முந்திய படியில் நின்றாள். மகள் என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன பிரச்சினை என்று பிரெஞ்சில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

"விடு பிள்ளை," என்றாள் மனைவி. "எனக்கு மூச்சு வாங்குது. உள்ளை போய் அந்த வெள்ளைத் துவாயை எடு."

மகள் அவளைக் கதிரையில் இருத்தி, துவாயை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். மருந்தினால் தோல் மிகவும் மெலிந்திருந்தது.

"தேய்க்காதை பிள்ளை. எரியும். ஒத்து."

மகள் துவாயை விரித்து முகம் முழுவதும் மூடி, இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாக அழுத்தி, அப்படியே சிறிது நேரம் வைத்திருந்தாள். உள்ளே இருந்து வந்த மூச்சு துணியைச் சற்றே தூக்கி இறக்கியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காட்சியை எத்தனை ஓவியங்களில் காட்டியிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நெற்றியில் சிவப்பு இருக்கக்கூடாது என்பது மட்டுமே என் யோசனை. மகள் துவாயை எடுத்து, பார்க்காமலே உட்புறமாக மடித்து, கொண்டுபோய்விட்டாள்.

சுவாமியார் வந்தார். மன்னார்ப் பக்கத்துப் பொடியன், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். நன்மை கொடுத்து, நோயாளருக்குப் பூசும் எண்ணெயை அவள் நெற்றியில் பூசினார். பெருவிரல் சிவந்து வந்தது. விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, பொட்டு வச்சிருந்தனீங்களோ? ஏன் அழிச்சனீங்கள்? எங்கடை அம்மாவும் வைக்கிறவ."

"வேர்த்து அழிஞ்சு போச்சு, சுவாமி," என்றாள்.

ஒக்டோபரில் யாருக்கும் வேர்ப்பதில்லை. மகள் குசினிக்குள் போய்விட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அதிகம் கதைக்கவில்லை. முதல் பனி விழுந்த வாரத்தில் போய்விட்டாள்.

கத்தோலிக்கராகிய நாங்களும் முப்பத்தோராம் நாள் பூசை வைப்போம். அதற்குச் சில நாட்களுக்கு முன், இதே நகரத்தில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் இருக்கிற மனைவியின் தமக்கை தொலைபேசியில் வந்தார். அவர் இன்னும் சைவம்தான். என்னைவிட மூத்தவர், என்னைத் தம்பி என்பார்.

"தம்பி, முப்பத்தொண்டுக்கு முதல் அவளின்ரை உடுப்பு எல்லாத்தையும் தோய்ச்சு எடுத்து வையுங்கோ. தோய்க்காமல் ஒருத்தருக்கும் குடுக்கேலாது. வீட்டிலையும் வச்சிருக்கக் கூடாது. உங்களுக்கு இதிலை நம்பிக்கை இல்லை எண்டு தெரியும். எனக்காகச் செய்யுங்கோ."

"செய்யிறன்," என்றேன்.

அலுமாரியின் அடித்தட்டில் ஒரு நீலப் பை இருந்தது. மகள் வைத்தது. இரண்டு இரவுச் சட்டை, கம்பளிக் காலுறை, தலையில் சுற்றும் துணி, அந்தத் துவாய். துவாய் மடித்தபடியே காய்ந்து விறைத்திருந்தது. விரித்தேன்.

முகம் இருந்தது. மங்கல்தான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். ஒன்றுமே தெரியாத அளவுக்குக் கறுத்துப்போன துணித்துண்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, கையுறை போட்டுக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தவன் நான். இது என் மடியில் கிடந்தது. இது என்ன என்று உலகத்தில் எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மற்றதும் தெரிந்தது. இந்த முகம் எப்படித் துணிக்கு வந்தது, யார் சொல்லி வந்தது என்பதும் அந்தத் துணியிலேயே இருந்தது. நெற்றியின் நடுவே அந்தச் சிவப்பு, நான் படிவாசலில் சொன்ன இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதை வைத்திருந்தால் என் எஞ்சிய நாட்கள் முழுவதும் அது சொல்லும். மகள் பார்க்கிறபோது அவளுக்கும் சொல்லும்.

தமக்கை தோய்க்கச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் தோய்க்கச் சொல்லியிருக்கிறார்.

துவாயை மற்ற உடுப்புகளோடு மெஷினில் போட்டேன். கறை நீக்கும் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினேன். சுடுநீரில் வைத்தேன். வழமையான தோய்ப்பு போல இருக்கட்டும் என்று என் வெள்ளைச் சட்டைகளையும் மேலே போட்டேன். இதை எழுதுகிற போது அந்தச் சட்டைகளைத்தான் அதிகம் நினைக்கிறேன். காணாமலும் அறியாமலும் செய்த காரியம் என்றால் சட்டைகள் தேவைப்பட்டிருக்காது.

மெஷின் குசினியின் மூலையில் இருக்கிறது. கதிரையைப் போட்டு அதன் முன்னால் இருந்தேன். வட்டக் கண்ணாடி, கோயிலில் நற்கருணை வைக்கும் கதிர்ப்பாத்திரத்தின் கண்ணாடி போல. உள்ளே வெள்ளைகள் மெதுவாக ஏறி விழுந்தன. ஒரு முறை நுரை இளஞ்சிவப்பாகக் கண்ணாடியில் வழிந்தது. அடுத்த சுற்றில் வெள்ளை. யன்னலுக்கு வெளியேயும் வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. நான் நித்திரையாகிவிட்டேனா, பார்த்துக்கொண்டே இருந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. முக்காடு போட்ட ஒரு பெண் குசினிக்குள் வந்து, ஈரத்துணியை என்னிடம் நீட்டி, இதை எங்கே காயப்போட என்று கேட்டதாக நினைவு. மெஷின் மணி அடித்தபோது என் கழுத்து வலித்தது.

துவாய் புதிது போல இருந்தது.

அடுத்த நாள் மகள் வந்தாள். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு நேரே அறைக்குள் போனாள்.

"அப்பா, இதிலை ஒரு நீலப் பை இருந்ததே?"

"பெரியம்மா எல்லாத்தையும் தோய்க்கச் சொன்னவ. தோய்ச்சுப் போட்டன்."

"வெள்ளைத் துவாயையுமோ?"

"எல்லாத்தையும்."

அவள் கட்டிலில் இருந்தாள். நான் இருந்த அதே இடம். அடுக்கிவைத்திருந்த துவாயை எடுத்து விரித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"நான் அதை ஒருக்காலும் விரிச்சுப் பாக்கேல்லை. பயமா இருந்தது. முப்பத்தொண்டு முடியட்டும், உங்களோட இருந்து ரெண்டு பேருமாப் பாப்பம் எண்டு வச்சிருந்தனான்." பிறகு கேட்டாள்: "அதிலை ஏதும் தெரிஞ்சதோ அப்பா?"

அப்போதுதான் சொன்னேன், நான் கவனிக்கவில்லை என்று.

"பரவாயில்லை," என்றாள். எழுந்து வந்து தோளில் கைவைத்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும். சிலவேளை அதிலை ஒண்டும் இருந்திருக்காது."

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. தமக்கைக்கு மகள் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சோற்றைக் குழைத்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"முப்பது வரியம் பழந்துணியைப் பற்றி லெக்சர் அடிச்ச மனுசன்! வீட்டுத் துணியைக் கையிலை குடுத்தால் கண் தெரியாது. தம்பி, உங்கடை வெரோனிக்காவை நீங்கள் கட்டியிருந்தால் அந்த முக்காட்டையும் சுடுதண்ணியிலை போட்டிருப்பியள்."

எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு வருவது நல்லதுதான். மகளும் சிரித்து, "விடுங்கோ பெரியம்மா, அவருக்கு என்ன தெரியும்" என்றாள். நானும் சிரித்தேன். மறதிக்காரக் கிழவன் என்ற பெயர் எவ்வளவு வசதியான மறைவிடம் என்று அன்று கண்டேன்.

ஆனால் ஒன்று மிஞ்சியிருந்தது. சட்டைகளை மடிக்கிறபோது ஒன்றில், மார்புப் பைக்குக் கீழே, கையகலத்துக்கு ஓர் இளஞ்சிவப்பு படிந்திருந்தது. குங்குமம் துவாயை விட்டுப் போகிற வழியில் அங்கே ஒதுங்கியிருக்கிறது. அதில் முகம் இல்லை, கோடில்லை. வெறும் நிறம். அதை அலுமாரியின் பின்பக்கம் ஒளித்தேன்.

எதேசா என்ற ஊரில் ஒரு துணி இருந்தது. அங்கும் கிறிஸ்துவின் முகம். பகைவருக்குப் பயந்து அதை மதிலுக்குள் வைத்து, முன்னால் ஒரு விளக்கையும் வைத்து, ஓட்டினால் மூடிக் கட்டிவிட்டார்களாம். தலைமுறைகள் கழித்து யாரோ மதிலைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணியைத் தொட்டுக்கொண்டிருந்த ஓட்டிலும் முகம் பதிந்திருந்தது. இந்தக் கதையை நான் புன்னகையோடு சொல்வேன். தை, மாசி மாதங்களில் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த விளக்கு உள்ளே எரிகிறது என்று தோன்றியது. புன்னகை வரவில்லை.

இன்னொன்றும் அந்த நாட்களில் என்னைப் பிடித்தது. ரோமைப் படைகள் சூறையாடியபோது அந்த முக்காடு தொலைந்துவிட்டது என்று அக்காலத்தவர் சிலர் எழுதினார்கள். மதுக்கடைகளில் கைமாறியது என்றும் பேச்சு இருந்தது. தொலையவில்லை, இங்கேதான் இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். எது எப்படியானாலும், அதற்குப் பிறகு துணியை முன்பு கண்டவர்களின் சொல்லுக்கு ஒரு பெறுமதி வந்தது. அவர்கள் கண்ணை மூடி, நெற்றி இப்படி, தாடி இப்படி என்று சொல்லியிருப்பார்கள். என் மனைவியின் முகம் இருந்த துவாயை விரித்துக் கண்டது உலகத்தில் நான் ஒருவன் மட்டும்தான். கண்டவனே காணவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துணியை ஒரு தரம் அழித்தேன்; மகள் வந்துபோகிற ஒவ்வொரு ஞாயிறும் வாயை மூடிக்கொண்டிருந்து மறுபடி மறுபடி அழித்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வந்தது. எங்கள் பங்கில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. ஆறாம் நிலையின் சிந்தனையை நான்தான் வாசிப்பேன். துறை அறிந்தவன் என்று எனக்கென்று விட்ட இடம். மகள் கோயிலுக்கு வருவது அருமை. அன்று, "நீங்கள் வாசிக்கிறதைக் கேக்க வாறன்" என்று வந்தாள். பின்வாங்கில் தாயின் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தாள். நான் எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். ஒரு பெண் பயப்படாமல் ஒரு முகத்தைத் துடைத்தாள் என்ற வசனம் வந்தபோது குரல் போய்விட்டது. சனம் முழந்தாளில் காத்திருந்தது. மனைவியை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். மகள் எழுந்து முன்னால் வரப்பார்த்தாள். கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வாசிக்காமலே ஏழாம் நிலைக்கு விட்டுவிட்டேன்.

காரில் என்னைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினாள்.

"மேலை வந்துபோட்டுப் போ பிள்ளை. ஒண்டு காட்ட வேணும்."

"இதிலை கனநேரம் நிப்பாட்டேலாது அப்பா. டிக்கெட் அடிச்சுப்போடுவான்."

"அடிக்கட்டும்."

கோட்டைக் கழற்றாமல் குசினியில் நின்றாள். நான் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன்.

"என்ன இது?"

"அம்மாவின்ரை பொட்டு."

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அந்தத் துவாயிலை இருந்து ஊறினது. நான் அதைக் கவனிக்கேல்லை எண்டு சொன்னனான். பொய். விரிச்சுப் பாத்துப்போட்டுத்தான் போட்டனான்."

அவள் சப்பாத்தில் இருந்து பனி உருகித் தரையில் வழிந்தது. ஏன் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"துடையும் எண்டு சொன்னவன் நான். அது அப்பிடியே அந்தத் துணியிலை இருந்தது. நீயும் பாப்பாய் எண்டு பயந்தனான்."

"எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிக்க நானும் சிரிச்சனான்."

"ஓம்."

"நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னனான் அப்பா!"

"ஓம்."

"நாலு மாசம்! ஒவ்வொரு ஞாயிறும் சமைச்சுக் கொண்டு வந்தனான். நீங்களும் இருந்து சாப்பிட்டனீங்கள்."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். இரும்புப் படிகளில் சப்பாத்துச் சத்தம் வளைந்து வளைந்து இறங்கியது. கார்க் கதவு அடித்துச் சாத்தியது. நான் சட்டையின் முன்னால் நின்றேன். இதுதான் முடிவு என்று நினைத்தேன். அந்த முடிவில் ஓர் அமைதியும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கார் புறப்படும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை. பிறகு படிகள் மறுபடி அதிர்ந்தன. அவள் வாசலில் நின்றாள். கதவைச் சாத்தவில்லை, குளிர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

"அப்ப முகம் இருந்ததோ?"

"இருந்தது."

"எப்பிடி இருந்தவ?"

என் தொழில் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்வதுதான். இல்லாத துணிகளைப் பற்றியும் இருண்ட படங்களைப் பற்றியும் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கண்ணை மூடினேன்.

"புருவம் ரெண்டும் நீ கீறினபடியே. இடது பக்கம் கொஞ்சம் மேலை ஏறி இருந்தது."

"அது கார் குலுங்கினது. சிக்னல்லை நிக்கேக்கை கீறினனான்," என்றாள்.

"கண் மூடினபடி. மை கீழாலை கொஞ்சம் கரைஞ்சு, நிழல் மாதிரி. கிரீம் பட்ட இடமெல்லாம் மா நிறம். மூக்கு நுனி சின்ன வட்டமா இருந்தது. மூக்கின்ரை ரெண்டு பக்கமும் வெறுமை, துணி அதிலை தொடேல்லை. கன்னம் இருந்தது. நாடிப் பக்கம் பதியேல்லை."

"வாய்?"

"ஒரு கோடு. நடுவிலை மங்கல். மூச்சு விட்ட இடம்."

"சிரிச்சவவோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்க முடியாது.

"இல்லை."

"கோவமோ?"

"இல்லை பிள்ளை. இந்தத் துவாயை எப்ப எடுப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற மாதிரி."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொட்டு?"

"பொட்டு மட்டும் முழுசா இருந்தது. ஓரம் கூட அழியேல்லை. நீ ஒத்தினபடியாலை."

அவள் கதவைச் சாத்தினாள். வந்து கதிரையில், கோட்டோடு இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த சட்டையைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள். "முதல்லை இருந்து. மெதுவா."

இடது புருவத்தில் தொடங்கினேன்.